சீன இருக்கை செத்தவீட்டுக்குப் போன கதை

போன கிழமை உங்களில் இரண்டு பேர் தண்ணீரூற்றில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். வளாக நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறோம், ஓய்வுபெற்ற உதவிப் பதிவாளர் என்ற முறையில் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கோ என்றீர்கள். தேத்தண்ணி குடித்து முடியும்வரை மரியாதையாக இருந்துவிட்டு, எழும்பும்போதுதான் உண்மையில் கேட்க வந்ததைக் கேட்டீர்கள்.

"மிஸ், எங்கட வளாகத்துப் பிளாஸ்ரிக் கதிரையளுக்குப் பின்னால ஏன் சீன இருக்கை எண்டு எழுதிக் கிடக்கு?"

நான் சிரித்துச் சமாளித்து அனுப்பிவிட்டேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்குச் சொல்லி முடிக்கக்கூடிய விசயம் இல்லை அது. அதனால் எழுதித் தருகிறேன். வேலை குறைந்த நேரம் பார்த்து வாசியுங்கள். அப்படி ஒரு நேரம் இல்லை என்று மட்டும் எனக்குக் கதை விடவேண்டாம், நானும் அந்தக் கட்டடத்தில்தான் தலை நரைத்தவள்.

கொழும்பில் இருக்கும் நம்முடைய தாய்ப் பல்கலைக்கழகம் வெள்ளைக்காரன் காலத்தது. அதை அவர்கள் ஒருநாளும் மறப்பதில்லை, நம்மையும் மறக்க விடுவதில்லை. முல்லைத்தீவு வீதியில் இருக்கும் நம் வளாகம் அதன் கடைக்குட்டி. புதிதாக ஒன்றைத் தொடங்கவேண்டும், ஆனால் அது தோற்றால் யார் கண்ணிலும் படாமல் தோற்கவேண்டும் என்று தாய்வீடு நினைக்கும்போது நம்முடைய ஞாபகம் வரும். சீனக் கற்கைகளும் அப்படித்தான் வந்தன. காலம் மாறுகிறது, சீனம் படிப்பிக்க ஒருவரும் இல்லையா என்று மேலிடத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்திலேயே அது வன்னிக்கு வந்து இறங்கிவிட்டது.

அதோடு சேர்ந்து வந்தவள்தான் சுகந்தினி. செட்டிகுளத்துப் பிள்ளை. அவளுடைய தாத்தா காலத்தில் மலையகத் தோட்டத்தை விட்டு வந்து காடு வெட்டி வயலாக்கிய குடும்பம். புலமைப்பரிசில் கிடைத்துச் சீனாவுக்குப் போய், அங்கேயே முதுமாணிப் பட்டம்வரை படித்துவிட்டு வந்திருந்தாள். கொழும்பில் ஒரு கம்பனி அவளை மொழிபெயர்ப்பாளராக எடுக்கத் தயாராக நின்றது. அவளோ நம்மிடம் தற்காலிக விரிவுரையாளராக வந்து, மேற்கூரைத் தகடு காற்றுக்குப் படபடக்கும் ஒரு மண்டபத்தில் சான்றிதழ் வகுப்பைத் தொடங்கினாள்.

படிக்க வந்தவர்களைப் பார்த்து முதலில் நானே நம்பவில்லை. கடலட்டை வாங்க வருகிற சீன வியாபாரியிடம் இடையில் ஒருவரும் இல்லாமல் விலை பேசவேண்டும் என்று வந்த மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். உழவு மெசினின் கைநூலை வாசிக்கவேண்டும் என்று ஒருத்தி வந்தாள். வேறு பாடநெறி கிடைக்காமல் வந்தவர்களும் இருந்தார்கள். சில மாதத்தில் எல்லோரும் ஒரே மாதிரி இராகம் போட்டுக் கதைக்கத் தொடங்கினார்கள். பக்கத்து மண்டபத்துக் கணக்கியல் விரிவுரையாளர் வந்து, "அங்க என்ன மிஸ், பாட்டு வகுப்போ?" என்று முறையிட்டார்.

இனி விதி. கீழைத்தேய மொழிகளுக்கு வெள்ளைக்காரன் எழுதிவைத்த ஒரு விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு மொழியில் பட்டம் கொடுக்கவேண்டும் என்றால், முதலில் அந்த மொழிக்கு ஒரு இருக்கை நிறுவப்படவேண்டும். இருக்கை என்றால் பேராசிரியர் பதவி. நிறுவினால் மட்டும் போதாது, மூதவை, அதுதான் செனற், அனுப்பும் குழு நேரில் வந்து அதைக் கண்ணால் காணவேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பேராசிரியர் கப்பலில் வந்துகொண்டே இருக்கிறார் என்று வருடக்கணக்காகச் சம்பளம் போனதாம், ஆள் கடைசிவரை இறங்கவே இல்லையாம். அதற்குப் பிறகுதான் இந்தக் கண்ணால் காணும் ஏற்பாடு என்று சொல்வார்கள். எங்களுக்கும் காலக்கெடு இருந்தது. அந்த வருடத்துக்குள் இருக்கை வராவிட்டால் சான்றிதழ் வகுப்பை மூடவேண்டும், படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் ஒரு வருடம் தண்ணீரில் போகும், சுகந்தினியின் நியமனமும் முடிந்துவிடும்.

பணம் ஒதுக்கி வந்ததும் எங்கள் வளாக முதல்வருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் நல்ல மனிதர். ஆனால் செந்தமிழில் குறிப்பு எழுதுவதில் அவருக்கு ஒரு மோகம். "சீன இருக்கையை விரைந்து நிறுவ ஆவன செய்க" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். கீழே இருந்தவர்கள் அதைக் கணனியில் ஏற்றினார்கள். கணனியில் இருக்கை என்று அடித்தால் கதிரை மேசை அடங்கிய தளபாடம் என்ற தலைப்புத்தான் வரும். அதனால் குறிப்பு நேரே களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான் அந்தக் கிழமை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு விடுப்பில் நின்றேன்.

திரும்பி வந்த அன்று வளாக வாசலில் ஒரு லொறி நிற்கிறது. அது நிறையச் சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரைகள். களஞ்சியப் பொறுப்பாளர் சிவராசா அண்ணை, கலியாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி முன்னுக்கு நின்று இறக்குவித்துக்கொண்டிருந்தார். அவரை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். ஒரு கரண்டியைக்கூடக் கையெழுத்து வாங்காமல் வெளியே விடாத மனிதர்.

"என்ன அண்ணை இது?"

"சீன இருக்கை மிஸ். வந்திட்டுது."

"எது?"

"இதுதான். சந்தேகம் எண்டா அடியைத் திருப்பிப் பாருங்கோ. சீன எழுத்துப் போட்டிருக்கு. இந்தியாச் சாமானைத் தள்ளப் பாத்தவங்கள், நான் விடேல்லை."

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "அண்ணை, இருக்கை எண்டா பேராசிரியர்!"

அவர் என்னைப் பாவம் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பேராசிரியர் வேணுமெண்டா பேராசிரியர் எண்டெல்லோ எழுதோணும்? இருக்கை எண்டா இருக்கிறது. இதில இருக்கலாம். இருந்து பாருங்கோ மிஸ்."

நானும் இருந்தேன். வேறு என்ன செய்ய. சொல்லக்கூடாது, நல்ல சொகுசான கதிரை.

விற்றவர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். உடைந்திருந்தால் மாற்றித் தருவோம் என்றார்கள். ஒன்றும் உடையவில்லை என்றேன். "அப்ப என்ன பிரச்சினை?" என்று கேட்டார்கள். அதற்கிடையில் சிவராசா அண்ணை, "சீன இருக்கை நல்ல நிலையில் பெறப்பட்டது" என்று மேலே அறிவித்தும் விட்டார். தாய்வீட்டில் ஒரே சந்தோசம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எந்த இருக்கையும் இவ்வளவு வேகமாக நிறுவப்பட்டதில்லையாம். குழு விரைவில் பார்வையிட வரும் என்று தகவல் வந்தது.

சுகந்தினியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பிலேயே அழத் தொடங்கிவிட்டாள்.

"நான் அந்தக் குளிருக்க கிடந்து படிச்சது இந்தக் கதிரைக்கோ மிஸ்? கொழும்புக் கொம்பனி திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லச் சொல்லுது. அப்பா ஒவ்வொருநாளும் போன் எடுத்து, கொழும்புல சம்பளம் குடுக்குறாங்க, அங்க ஒனக்கு என்னா குடுக்குறாங்கன்னு கேக்கிறார். கதிரை குடுக்கிறாங்க எண்டு சொல்லவோ?"

குழு எப்போது வருகிறது என்று விசாரித்தால், அவள் கம்பனிக்குப் பதில் சொல்லவேண்டிய திங்களுக்கு முந்திய வெள்ளிக்கிழமையாம்.

முதல்வருக்கு ஒரு யோசனை பிறந்தது. நெருக்கடி வந்தால் மேலதிகாரிகளுக்கு யோசனை பிறக்கும், அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

"பாலம் கட்டுற இடத்தில ஒரு சீன எஞ்சினியர் நிக்கிறாராம். ஒருநாளைக்கு மட்டும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து இருந்திட்டுப் போகட்டுமே" என்றார்.

"அவருக்குக் கொங்கிறீற்றைப் பற்றித்தான் தெரியும் சேர்" என்றாள் சுகந்தினி.

"சீனத்தில கதைச்சாச் சரிதானே. வாறவைக்கு விளங்கவே போகுது?"

"எனக்கு விளங்கும் சேர்" என்றாள் அவள். முதல்வர் அதற்குப் பிறகு யோசனை சொல்லவில்லை.

நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். குழு வந்ததும் உள்ளே கூட்டிக்கொண்டுபோய், உழுந்து வடையும் தேத்தண்ணியும் கொடுத்து, அவர்கள் வாய் நிறைந்திருக்கும்போது உண்மையைச் சொல்லிவிடுவது. பிழையைச் சொல்லப்போகிறாய் என்றால் முதலில் சாப்பிடக் கொடு என்பது என் முதல் மேலதிகாரி கற்றுத்தந்த பாடம். அந்த அம்மாவின் பேர் வேண்டாம், அவருக்கு விளம்பரம் பிடிக்காது. உண்மையைச் சொன்னால் விசாரணை வரும், கோப்பு நித்திரைக்குப் போகும், சுகந்தினி கொழும்புக்குப் போவாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பொய்யின்மேல் ஒரு துறையைத் தொடங்கி அதற்குள் அந்தப் பிள்ளையை இருத்த எனக்கு மனம் வரவில்லை.

நான் கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. கதிரைகள் வந்த நாளிலிருந்தே ஊருக்குள் போகத் தொடங்கியிருந்தன. உங்களுக்குத் தெரியும், நம் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பள்ளிக்கூடமோ கோயிலோ வளாகமோ, கதிரை இருக்கிற இடத்தில் இருந்து கதிரை போகவேண்டும். கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. சிவராசா அண்ணையும் செத்தவீட்டுக்கு மட்டும் கேள்வி கேட்கமாட்டார். காணாமல் போகக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்றால் "சீன இருக்கை" என்று எழுதியிருந்தார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை விடிய தண்ணீரூற்றில் ஒரு பெரியவர் கண்ணை மூடிவிட்டார். சுகந்தினியின் வகுப்பில் படித்த ஒரு பிள்ளையின் பெரியப்பா. பெட்டி பூட்டிய ரக்ரர் வந்தது, எல்லாக் கதிரையும் போனது. குழுவின் வான் வளாக வாசலுக்கு வந்தபோது நான் படியிறங்கி வந்துகொண்டிருந்தேன். குழுத் தலைவர், கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த வயதான பேராசிரியர், வான் யன்னலால் தலையை நீட்டி வாசல் செக்கியூரிட்டியோடு கதைப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"தம்பி, நாங்கள் சீன இருக்கையைப் பாக்க வந்தனாங்கள்."

"அது செத்தவீட்டுக்குப் போட்டுது சேர்."

"அதுவோ?"

"ஓம் சேர். காலமையே ரக்ரரில ஏத்திக்கொண்டு போட்டினம்."

"ரக்ரரிலயோ!"

"வழமையா ரக்ரர்தான். போன முறை ஏத்தேக்க கால் உடைஞ்சு போச்சு."

"ஆருக்கு?"

"அதுக்குத்தான். சூடு காட்டி ஒட்டியாச்சு, இப்ப பிரச்சினை இல்லை."

"எப்ப திரும்பி வரும்?" குழுத் தலைவரும் அது என்றே கேட்கத் தொடங்கிவிட்டார்.

"எட்டாம் நாள் எட்டுச் செலவு முடியத்தான் விடுவினம் சேர்."

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம். "அம்மா, நாங்கள் எத்தினையோ பேராசிரியரைப் பாத்திட்டம். ஊராக்களோட ரக்ரரில ஏறிச் செத்தவீட்டுக்குப் போற ஆளை இண்டைக்குத்தான் கேள்விப்படுறம். அதுவும் காலும் சுகமில்லாமல்! வாசல்காரன் அது எண்டு சொல்லுறான், அவ்வளவு உரிமை. நாங்கள் அங்கயே போய்ப் பாக்கிறம்."

"சேர், முதல்ல உள்ளுக்கு வாங்கோ. ஒரு விசயம் கதைக்கோணும்."

"கதைக்கிறது பிறகு. செத்தவீட்டுக்குப் பிந்தக்கூடாது, ஏறுங்கோ."

ஏறினேன். வானுக்குள் மூன்று தரம் வாயைத் திறந்தேன். அவர் ஒரு தரமும் மூடவில்லை. பல்கலைக்கழகம் மக்களோடு சேரவேண்டும் என்று தான் எந்தக் காலத்தில் எழுதினேன், யார் அதைக் கேட்கவில்லை என்பதை மற்ற இரண்டு உறுப்பினர்களுக்கும் விளக்கிக்கொண்டே வந்தார். உழுந்து வடை வளாகத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

செத்தவீட்டில் பறைமேளம் அடித்துக்கொண்டிருந்தது. பந்தலுக்குள் சிவப்புக் கதிரைகள் வரிசையாக, எல்லாவற்றிலும் ஆட்கள். சுகந்தினியின் பிள்ளைகள் தேத்தண்ணித் தட்டோடு நடந்துகொண்டிருந்தார்கள். அவளும் பெண்கள் பக்கத்தில் நின்றாள், எங்களைக் கண்டதும் முகம் வெளிறிப்போனது. செத்தவரின் மூத்த மகன் வந்து, யார் எவர் என்று ஒன்றும் கேட்காமல், "இருங்கோ ஐயா, இருங்கோ" என்று முன்வரிசையில் இருந்தவர்களை எழுப்பி மூன்று பேரையும் இருத்தினார்.

குழுத் தலைவர் மேளம் கொஞ்சம் ஓயும்வரை காத்திருந்தார். பிறகு மகனிடம் மெல்லக் குனிந்தார். "சீன இருக்கை எங்க?"

"ஐயா இருக்கிறதுதான்."

"ஓம், எங்க இருக்கிறது?"

"ஐயா இருக்கிறதுதான் ஐயா."

குழுத் தலைவர் இடப்பக்கம் பார்த்தார். வெற்றிலை போட்டபடி ஒரு கிழவர் இருந்தார். "இவரோ?"

"அவர் எங்கட சித்தப்பா."

இதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பின்னால் போய், அவருடைய காதுக்குள் முழுவதையும் சொன்னேன். செந்தமிழ்க் குறிப்பு, கணனி, களஞ்சியம், லொறி, எல்லாம். "பேராசிரியர் எண்டு ஒருதரும் இல்லை சேர். நீங்கள் இருக்கிறதுதான் சீன இருக்கை. முதுகில எழுதியிருக்கு. படிப்பிக்கிறது அந்தா நிக்கிற அந்தப் பிள்ளை மட்டுந்தான்."

அவர் மெல்ல எழும்பி, திரும்பி, கதிரையின் முதுகை வாசித்தார். மறுபடி இருந்தார். அவர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. கைலேஞ்சியை எடுத்து முகத்தில் அமத்தினார். மற்ற இருவருக்கும் அது தொற்றிவிட்டது. செத்தவீட்டில் சிரிக்கக்கூடாது என்று நினைத்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று கோட்டுக்காரர்களும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்கள்.

"ஐயாவுக்குத் தண்ணி குடுங்கோ! ஐயா தாங்கேலாமல் அழுறார்!" என்று ஒரு பெண் கத்தினாள்.

மகன் ஓடிவந்து குழுத் தலைவரைக் கட்டிப்பிடித்தார். "அப்பரை உங்களுக்கு முந்தியே தெரியுமோ ஐயா?" வாயைத் திறந்தால் சிரிப்பு வெடித்துவிடும் என்பதால் அந்த மனிதர் தலையை மட்டும் ஆட்டினார். அது போதுமாக இருந்தது. உள்ளே இருந்த பெண்கள் வெளியே வந்து அவரைச் சுற்றி நின்று ஒப்பாரி வைத்தார்கள். அடுத்து ஒலிவாங்கியில் அறிவித்தார்கள், கொழும்பிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் இப்போது இரங்கலுரை ஆற்றுவார் என்று.

அவர் எழும்பிப் போனார். சிரிப்பெல்லாம் வடிந்து முகம் வெறுமையாக இருந்தது. இல்லாத நட்பை அவிழ்த்துவிடப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை.

"இந்த ஐயாவை எனக்குத் தெரியாது. தலையாட்டினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் வேற ஒரு அலுவலாத்தான் வந்தனான். ஆனா நான் ஆர் எண்டு கேக்க முதலே இந்த வீட்டில என்னை இருக்க விட்டினம். நான் வேலை செய்யிற இடத்தில இருக்க விடுறதுக்கு முதல் எல்லாத்தையும் கேப்பம். பிள்ளையளை இப்பிடி வளர்த்த மனிசன் நல்ல மனிசனாத்தான் இருக்கவேணும்."

கூட்டத்தில் ஒருவரும் அவரைப் பிழையாக நினைக்கவில்லை. செத்தவரின் மகன் இன்னும் பலமாக அழுதார். என் கண்ணும் கலங்கியது, ஒளிக்க என்ன இருக்கிறது.

பாடை எடுத்த பிறகு வேலிக்கரையில் நின்று சுகந்தினியைக் கூப்பிட்டார். "பிள்ளை, நாங்கள் இது கதிரை எண்டு எழுதினா நீ என்ன செய்வாய்?"

"திங்கட்கிழமை கொழும்புக்கு வெளிக்கிடுவன் சேர்."

"இவையள்?" என்று தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த அவளுடைய பிள்ளைகளைக் காட்டினார்.

"அதுதான் சேர் நான் இன்னும் கொம்பனிக்குப் பதில் சொல்லேல்லை" என்றாள்.

குழுத் தலைவர் மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு பந்தலுக்குள் போனார். அங்கேயே சிவப்புக் கதிரைகளில் இருந்து அறிக்கையை எழுதினார்கள். "இருக்கையைக் கண்ணால் கண்டோம். அது நிறுவப்பட்டுள்ளது. உறுதியானது. அயலிலுள்ள மக்கள் அதனால் பெரிதும் பயனடைகிறார்கள்." ஒரு சொல் பொய் இல்லை. எழுதி முடிந்ததும் நான் விடவில்லை. "கற்பிப்பவரின் பெயரையும் போடுங்கோ சேர்" என்று நின்று, சுகந்தினியின் பெயரையும், துறையை அவளே நடத்தலாம் என்பதையும் எழுதுவித்தேன். அவள் கொழும்புக்குப் போகவில்லை. அடுத்த வருடம் சீனக் கற்கைகள் பட்டம் கொடுக்கும் துறையானது.

இது சரியா பிழையா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் செய்யவேண்டிய வேலை உண்மையை அவருடைய காதில் போடுவது. அதற்குப் பிறகு அவர்கள் எந்தச் சொல்லில் எழுதினார்கள் என்பது அவர்கள் பொறுப்பு. நெருக்கடியில் கெட்டித்தனம் காட்டலாம், ஆனால் உண்மையைச் சொன்ன பிறகு காட்டுங்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் சிரித்துக்கொண்டே உங்களுக்கு வாசலிலேயே சொல்லியிருப்பேன். முடியவில்லை. சுகந்தினி வகுப்பையும் நடத்திக்கொண்டு கலாநிதிப் பட்டமும் எடுத்தாள், கட்டுரைகள் எழுதினாள், பேராசிரியராவதற்கு உரிய தகுதியெல்லாம் வந்தது. விண்ணப்பித்தாள். "சீன இருக்கை ஏற்கெனவே நிறுவப்பட்டு உறுதியாக உள்ளது. வெற்றிடம் எதுவும் இல்லை" என்று பதில் வந்தது. அந்தக் குழுத் தலைவர் அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டார். நான் தாய்வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு இளம் அலுவலர் கதைத்தார்.

"ஒரு இருக்கை இருக்கேக்க இன்னொண்டு எப்பிடி மிஸ் தாறது?"

"தம்பி, அது பிளாஸ்ரிக்."

"என்னத்தால செய்ததெண்டு இஞ்ச பதிவில இல்லை மிஸ். பாவனைக்கு உதவாது எண்டு கழிச்சு அனுப்புங்கோ. பிறகு புதுசாக் கேளுங்கோ."

கழிக்கலாம்தான், ஆனால் அந்தக் கதிரைகள் உடைந்தால்தானே? எத்தனை செத்தவீடு, எத்தனை கலியாணம், எத்தனை பாரமான மனிசர். நான் அப்படி உறுதியான பிளாஸ்ரிக்கை வாழ்நாளில் கண்டதில்லை. கடைசியில் நான் ஓய்வுபெறுகிற மாதம் சிவராசா அண்ணையிடம் போய் நின்றேன். அவரும் அந்த வருடம்தான் வீட்டுக்குப் போகவிருந்தார்.

"நல்ல சாமானை உதவாது எண்டு என்ர கையால ஒருநாளும் எழுதினதில்லை மிஸ்" என்றார். பிறகு பேனையை எடுத்துச் சட்டைப்பையில் குத்தினார். "அந்தப் பிள்ளைக்கு எண்டபடியா எழுதுறன். வாங்கோ."

எழுதமுதல் கதிரைகளைப் பார்வையிடவேண்டும் என்பது விதி. சீன வகுப்பு மண்டபத்துக்குப் போனோம். உள்ளே சிவப்புக் கதிரை ஒன்றுகூடக் காலியாக இல்லை, எல்லாவற்றிலும் பிள்ளைகள், பின்னால் சிலர் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். அத்தனை பேர் அந்த வருடம் சேர்ந்திருந்தார்கள். சுகந்தினி சோக்கட்டியோடு வாசலுக்கு வந்தாள். நான் விசயத்தைச் சொன்னேன்.

"இதைக் கழிச்சா புதுக் கதிரை எப்ப வரும் மிஸ்?"

"தளபாடத்துக்கு இந்த முறை ஒதுக்கீடு இல்லை. ஒரு வருசம் எடுக்கும், ரெண்டு எடுக்கும். அதுவரைக்கும் நிலத்தில பாய் போட்டு இருக்கட்டும். உனக்குப் பேராசிரியர் பதவி வருமெல்லோ?"

அவள் திரும்பி வகுப்பைப் பார்த்தாள். "வேண்டாம் மிஸ். நான் நிண்டுதானே படிப்பிக்கிறன். அவையள் இருக்கட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாடத்தைத் தொடர்ந்தாள். சிவராசா அண்ணைக்குச் சந்தோசம், முகத்தைப் பார்க்கவே தெரிந்தது. எனக்கோ அவள்மேல் அடக்கமுடியாத கோபம் வந்தது, பெருமையும் வந்தது, எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்தக் கோபத்தோடுதான் நான் ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்தேன்.

இப்போது அந்த மேசையில் நீங்கள் இருக்கிறீர்கள். ஆகவே நான் செய்ய முடியாமல் போனதை நீங்கள் செய்யுங்கள். முதலில் சீன வகுப்புக்குக் கதிரை கேளுங்கள், கேட்கும்போது கதிரை என்றே எழுதுங்கள். அவை வந்து இறங்கிப் பிள்ளைகள் எல்லோரும் இருந்த பிறகு பழையவற்றைக் கழித்து அனுப்புங்கள். அதற்குப் பிறகு சுகந்தினிக்குப் பேராசிரியர் பதவி கேளுங்கள். இருக்கை என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அவள் நின்றது போதும்.